பசுமடமும் புறக்கடை நாயும்



முப்பொருள் விளக்கம் கூறுதற்கென்றே அடியேன் இத்தேங்காய்த்திட்டிற்கு வந்தேன். வந்தவிடத்துக் கண்டதொன்று பேச்சின் போக்கை மாற்றிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தினின்று திரும்பும் வழியில், இத்திருக்கோயின் மதிற்புறத்தே கோணிப்பையொன்று கிடந்தது. உள்ளே நாய்க்குட்டிகள் நான்கு; கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும். நான்கும் பெண். ஆண்குட்டிகளை யாரோ வைத்துக்கொண்டு, மேலும் ஈனுமே என்றஞ்சிப் பெண்குட்டிகளை இறைவன் தலையிற் சுமத்திச் சென்றுள்ளார். அவரைக் கொடியர் என்று அடியேன் கருதவில்லை. கொடியராயின் பக்கத்து ஆற்றில் எறிந்திருப்பர். கோயிலைத் தேடி வந்தவர்க்கு நெஞ்சில் ஈரம் உண்டு. அதற்குமேற் செய்வது இன்னதென்னும் தெளிவே இல்லை.

கூடிநின்ற அன்பரொருவர், "காப்பகத்திற் கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது, சுவாமி" என்றார். தீர்ந்ததா? காப்பகம் என்பது ஒருபுறம் அகன்ற வாயும் மறுபுறம் ஊசித்துளையும் உடைய கலம் போல்வது. உள்ளே வருவன பல. ஒரு வீடு வாய்த்து வெளியேறுவன சில. குட்டிகளையாவது எவரேனும் கொள்வர். முதியதையும் முடம்பட்டதையும் கேட்பார் இல்லை. பத்து உயிர்க்கு அமைத்த கொட்டிலில் முப்பது அடைபடின், பார்வோ என்னும் கழிச்சல் நோய் ஒரு குட்டியிற் புகுந்து அடுத்ததைப் பற்றும். அந்நோயின் நுண்கிருமி தரையிலேயே பல திங்கள் கிடக்கவல்லது. ஆகலின் நெரிசல் மிக்க காப்பகத்தில் இரக்கத்தாற் கொண்டுவிட்ட குட்டியே நோய்க்கு இரையாதலும் உண்டு. கொண்டுவிட்டவர் அதனை அறியார். புண்ணியஞ் செய்தோமென்றே உறங்குவர்.

2025 ஆகஸ்டு 11-ஆம் நாள், தில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அத்தனை நாய்க்கும் இடம் எங்கே என்னும் கேள்வி உடனே எழுந்தது. அம்மாதம் 22-ஆம் நாளே மூவர் அமர்வு அதனைத் திருத்தி, வெறிநோயுற்றனவும் கடிக்கும் இயல்பினவும் ஒழிந்தவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுக என்றது. பின்னர் நவம்பர் 7-ஆம் நாள், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து பிடித்தவற்றை மீண்டும் அங்கு விடலாகாது, காப்பகத்தில் வைக்க என்றும் ஆணை பிறந்தது. கடியுண்ட மகவின் தாய் கண்ணீரை நாம் இகழ்தல் ஆகாது. வெறிநோய்க் குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரியர். நம் நாட்டில் ஆண்டுதோறும் இருபதினாயிரவர் அளவில் அந்நோயால் மாள்கின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. ஆயினும், ஓரிடத்து நாயை அகற்றினால், அங்கே எச்சில் கிடக்குமளவும் வேறு நாய் வந்து புகும். அதற்குத் தடுப்பூசி இட்டிருப்பார் எவர்? ஓரூர் நாய்களில் நூற்றுக்கு எழுபதிற்குத் தடுப்பூசி இடின் நோய்த்தொடர் அறும் என்பர் வல்லுநர். ஆகவே நாய்க்குச் செய்யும் நன்மையும் மகவுக்குச் செய்யும் காவலும் ஒரே செயலாய் முடிகின்றன.

இனி நம்மவர் எழுப்பும் தடை ஒன்றுண்டு. கருத்தடை செய்தல் ஓருயிரின் பிறப்பைத் தடுத்தலன்றோ? அது கொலையோடு ஒப்பதன்றோ? திருமடத்து வித்துவானொருவரே அடியேனிடம் இதனை வினவினார். சித்தாந்தத்தை மறந்து எழுப்பிய வினா இது. உயிர் தாய்தந்தையர் கூட்டத்தால் உண்டாவதோ? அன்று, அஃது அநாதி. உடம்பே வினைக்கீடாக இறைவனால் தரப்படுவது. தனு கரண புவன போகங்களை எங்கே, எப்பொழுது, எவ்வுயிர்க்குக் கூட்டவேண்டும் என்பதை அவன் அறிவான். தேங்காய்த்திட்டு நாயொன்றின் கருப்பை ஒழிந்தமையால் அவன் அருளுக்கு வழி அடைபட்டதென்பது பேதைமை. மாறாக, ஈன்ற குட்டிகளில் பெரும்பாலன வண்டிச் சக்கரத்திலும் பசியிலும் மடியக் கண்டும் ஈனவிடுதலே நம் ஆகாமியக் கணக்கில் ஏறும். நாய் இரண்டு திங்களிற் குட்டி ஈனும். ஆண்டிற்கு இருமுறை ஈனவும் கூடும். பெருக்கத்தை நீங்களே எண்ணிக்கொள்க.

"அவ்வவற்றின் பிராரத்தம், நாம் என் செய்வது?" என்பாரும் உளர். அங்ஙனமாயின் தம் வயிற்றுவலிக்கு அவர் மருந்துண்பானேன்?

வேறு வழி கண்டவர் தமிழ்நாட்டிலேயே இருந்தனர். சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைக் கொன்றே வந்தது. மின்சாரம் பாய்ச்சியும் கொன்றது. கேப்டன் சுந்தரம் தம் துணைவியார் உஷாவோடு 1959-இல் அங்கே நீலச் சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கொல்லுவதை விடுத்துக் கருத்தடை செய்க என்று அச்சங்கம் பல்லாண்டு மன்றாடியபின், 1990-களின் நடுவில் மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது. நாடு முழுதிற்குமான விதி 2001-இல் பிறந்தது; 2023-இல் அது புதுக்கப்பெற்றது. அதன்படி இப்பணி உள்ளாட்சியின் கடமை. நம் நகராட்சியைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்டோமா?

நம் முன்னோர் செயலொன்றைப் பாருங்கள். இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் ஒரு நந்தாவிளக்கிற்குத் தொண்ணூற்றாறு ஆடு வீதம் கொடுத்தான். அவ்வாடுகளைக் கோயிற் பிராகாரத்திலா கட்டினர்? இல்லை. இடையர் குடிகளிடம் பகிர்ந்தளித்தனர். பெற்றவர் நாளும் உழக்கு நெய் அளக்கவேண்டும். இன்னார் இத்தனை பெற்றார், இன்னார் அவர்க்குப் பிணை என்று பெயர் பெயராகக் கல்லில் வெட்டினர். ஆடு மூத்து இறக்கினும் குட்டி அதன் இடத்தை நிரப்ப, எண்ணிக்கை குறையாது நின்றமையின் சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். ஒவ்வோர் உயிர்க்கும் ஒரு வீடு, ஒரு பெயர், ஒரு பிணை: இம்மூன்றும் இல்லாமல் அவர் ஓர் ஆட்டையும் தானமாக ஏற்றிலர்.

நாமோ? பசுமடத்திற்குக் கன்று நேர்ந்துவிட்டு, கயிற்றைக் கொடுத்துக் கற்பூரங் காட்டித் திரும்பிவிடுகின்றோம். அதன் வைக்கோலுக்கு ஒரு காசும் வையோம். பால் வற்றிய பசுவும் காளைக்கன்றும் கொட்டிலில் நெருங்கி நிற்பதைத் திருமடங்களிற் பழகிய நீவிர் அறியாததன்று. அதுவும் கோணிப்பையில் நாய்க்குட்டியை இட்டதும் ஒன்றே. இதற்கு மந்திரம் உண்டு, அதற்கு இல்லை. இதனைச் சொல்வதால் சிலர் அடியேன்மேற் சினப்பர், சினக்கட்டும்.

மதுரைத் திருவிளையாடலை நினைமின். தாயிழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டுக்கும் சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியாய் வந்து முலை கொடுத்தருளினார் என்று பரஞ்சோதி முனிவர் பாடியுள்ளார். அவ்வளவோடு நின்றனரா? அடுத்த படலத்திலே அவற்றைப் பாண்டியனுக்கு மந்திரியராக்கி இருக்க ஓரிடமும் அளித்தனர். பால் ஒரு நாட்பசிக்கு, இடம் வாழ்நாளுக்கு.

2022 நவம்பர் 30-ஆம் நாள் மணக்குள விநாயகர் கோயில் யானை இலட்சுமி இறந்தபோது புதுச்சேரி நகரே தெருவில் நின்று அழுதது. அக்கண்ணீர் பொய்யன்று. இந்நாட்டு எல்லைக்குள்ளேயே திருவாண்டார்கோயில் உளது. சம்பந்தர் பாடிய திருவடுகூர் அதுவே. வடுக பைரவர் பூசித்த தலம் என்று அதனைப் போற்றுவோம். பைரவர் ஊர்தி யாது என்பதை வீட்டுவாயிலில் மறந்துவிடுவோம். மணிவாசகர் தம்மை நாயேன் என்று சொல்லிக்கொண்டதை ஓதும்போது உருகுகின்றோம். ஓதி முடித்து எழுந்தவுடன் கல்லெடுக்கின்றோம்.

விலை கொடுத்து வேற்றுநாட்டு நாயை வாங்க எண்ணுவோர், வாங்குமுன் ஒருமுறை காப்பகம் சென்று பார்க்க. பனிநாட்டு நாயை இக்கடற்கரை வெயிலில் வளர்க்கமாட்டாது பின்னர்த் தெருவில் விடுவோரும் நம்மூரில் உளர். நாட்டுநாய் நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பழகியது. வைத்து வளர்க்க இயலாதவர், இடம் கிடைக்குமட்டும் ஒரு திங்கள் ஒரு குட்டியைத் திண்ணையில் தாங்கலாம். அதனாலேயே காப்பகத்தில் ஓரிடம் ஒழியும். மடங்களில் கன்று ஏற்குமுன், நேர்ந்தவர் பெயரும் ஆண்டுத் தீவனத்திற்கு அவர் ஒப்பிய தொகையும் ஏட்டில் எழுதுவிக்க வேண்டுமென்று மடத்துப் பெரியோரை விண்ணப்பிக்கின்றேன்.

பேச்சுத் தொடங்குமுன் நான்கு குட்டிகளில் ஒன்றை மீனவ அம்மையார் ஒருவர் முந்தானையில் ஏந்திச் சென்றார். மற்றொன்றை இக்கோயில் ஓதுவார் கேட்டிருக்கின்றார். இரண்டு மடைப்பள்ளித் திண்ணையிற் படுத்துள்ளன. ஆறு திங்கள் கழிந்தபின் அவற்றிற்குக் கருத்தடை செய்விக்கும் செலவு அடியேனுடையது. பிரசாதம் பெற்றுக்கொள்ள அவ்வழியே செல்வீர். சற்றே குனிந்து பாருங்கள்.