நினைவு என்னும் கடன்

போரில் உயிர்நீத்தவரை நினைவுகூர்வது அறம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவரிடம் எதை நினைவுகூர வேண்டும்? அவர் மடிந்த விதத்தையா, வாழ்ந்த விதத்தையா? ரிசர்வ் படைவீரர் ஒருவர் மடியும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. ஏனெனில் போர் அவரது தொழிலன்று.

இஸ்ரேலில் கட்டாயப் படைப்பணி முடித்தவர்கள் ஆசிரியராகவும் உழவராகவும் வணிகராகவும் இல்வாழ்க்கை நடத்துகின்றனர். அழைப்பு வந்தால் மீண்டும் சீருடை அணிய வேண்டும். 1973 அக்டோபர் 6 அன்று, யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூரில், எகிப்தும் சிரியாவும் தாக்கியபோது தொழுகைக் கூடங்களிலிருந்தே பலர் போர்முனைக்குச் சென்றனர். அப்போரில் 2,500க்கும் மேற்பட்ட இஸ்ரேலிய வீரர்கள் மடிந்தனர். 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலை அடுத்து, ஏறத்தாழ 3,00,000 பேர் அழைக்கப்பட்டனர். இளம் தந்தையர் பலர் அவர்களுள் இருந்தனர். சிலர் திரும்பி வரவில்லை.

அந்நாடு தன் வீரர்களை மறப்பதில்லை. ஆண்டுதோறும் சுதந்திர தினத்துக்கு முன் வரும் நினைவு நாளில், முதல்நாள் இரவு 8 மணிக்கு ஒரு நிமிடமும் மறுநாள் முற்பகல் 11 மணிக்கு இரண்டு நிமிடங்களும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. நெடுஞ்சாலையில் செல்வோரும் வாகனங்களை நிறுத்தி, இறங்கி, மௌனமாக நிற்கின்றனர். உயரிய மரபுதான். ஆயினும் நாடு நினைப்பது வீரரை. குழந்தை தேடுவதோ தந்தையை. நாட்டின் மௌனம் இரண்டு நிமிடங்களில் முடிகிறது. குழந்தையின் தேடல் வாழ்நாள் முழுதும் நீள்கிறது.

தந்தை எவ்வாறு இறந்தார் என்பதை மட்டும் கேட்டு வளரும் குழந்தை, இறப்பதையே பெருமையாகக் கற்கும். அவர் எதைக் கண்டு சிரித்தார், யாருக்கு உதவினார், எதில் தடுமாறினார் என்பதையும் கேட்டு வளர்ந்தால் வாழக் கற்கும். பெற்றோரை இழந்த யூதர் பதினொரு மாதங்கள் ஓதும் காதிஷ் என்னும் பிரார்த்தனையில் மரணம் என்ற சொல்லே இல்லை. இறைவனின் புகழும் அமைதிக்கான வேண்டுதலுமே உள்ளன. இழப்பின் நடுவிலும் வாழ்வை நோக்கித் திரும்பும் பார்வை அது.

இங்கே கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. பகைவரின் துயரையும் உணர்வது நம்மவரின் தியாகத்துக்குத் துரோகமாகுமா? 1994-இல் படைவீரரான தம் மகனை ஹமாஸ் இயக்கத்தினரிடம் பலிகொடுத்த இட்ஸாக் ஃபிராங்கெந்தால், 1995-இல் உறவுகளை இழந்த குடும்பங்களின் மன்றம் ஒன்றை நிறுவினார். இன்று அதில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் ஒன்றாக அமர்கின்றனர். இரு தரப்பின் செயல்களும் ஒன்றே என்று கூற அவர்கள் அங்கு வருவதில்லை. ஒருவர் கண்ணீரை மற்றவர் அறியவே வருகின்றனர். காசாவிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தந்தையை இழந்துள்ளனர். தன் வீட்டு வெற்றிடத்தை உண்மையாக உணர்ந்த தாய்க்கு அயலார் வீட்டு வெற்றிடமும் புரியும். அப்புரிதலால் அவளது அன்பு குறைவதில்லை, ஆழமே பெறுகிறது.

துயரத்தை வெறுப்பாக மாற்றுவது எளிது. ஆனால் வெறுப்பு தந்தையைத் திருப்பித் தராது. இன்னொரு குழந்தையின் தந்தையையும் பறித்துவிடும். எனவே மறைந்தவரின் பெயரைச் சொல்லும்போது அவரது அன்பையும் சேர்த்துச் சொல்வோம். அந்த அன்பு அவருடைய பிள்ளையின் வாழ்வில் தொடர நம்மால் இயன்றதைச் செய்வோம். நினைவு என்னும் கடன் அவ்வாறே தீரும்.