யாருடைய முறை?

பழவேற்காட்டு மீனவர் ஊர்களில் 'தொழில்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கடலுக்கோ ஏரிக்கோ போய் மீன் பிடிப்பது. "அவரு தொழிலுக்குப் போயிருக்காரு" என்று ஒரு பெண் சொன்னால், என்ன தொழில் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஒருமுறை அங்கே மீன் வாங்கப் போனபோது, கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் நான் கேட்டுவிட்டேன். "நீங்க என்ன தொழில் பண்றீங்கம்மா?" விடிவதற்கு முன்பே எழுந்து, ஏலத்தில் மீன் எடுத்து, ரகம் பிரித்து, வெயில் ஏறும்வரை உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தவர் அவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "தொழில் எங்க வீட்டுக்காரரு பண்றாரு. நான் சும்மாதாம்மா இருக்கேன்."

இந்தச் 'சும்மா' நமக்குப் புதிதல்ல. நம் அம்மாக்கள் எல்லோரும் சொன்னதுதான். ஆனால் மீன் நாற்றமும் வியர்வையும் பிசுக்கும் கையோடு ஒருவர் அதைச் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வேலையை ஒளித்துவைக்க முடியும் என்பது தெரிகிறது. அதே ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். வலையும் படகும் இல்லாத அந்த உழைப்பையும் 'தொழில்' என்று சொல்ல ஊருக்கு வாய் வருவதில்லை.

பெண்ணின் வேலைக்கு இந்தக் கதி என்றால், அவள் விளையாட்டுக்கு என்ன கதி?

சாயங்காலம் மணலில் பையன்கள் பந்து உதைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பையன் என்றால் விளையாடுவான், அவ்வளவுதான். அதே மணலில் ஒரு பெண் பிள்ளை பந்தைத் தொட்டால் கேள்வி உடனே வந்துவிடும். இதனால் என்ன கிடைக்கும்? வேலை கிடைக்குமா? இது எங்கே கொண்டுபோய் விடும்? பையனின் விளையாட்டு தன்னளவிலேயே போதுமானது. பெண்ணின் விளையாட்டுக்குப் பலன் காட்டியாக வேண்டும். இந்த இரட்டை அளவுகோல் நியாயமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. நானும் பல பெற்றோரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். "பலன் இருக்கிறது, பாருங்கள்" என்று உதாரணங்களை அடுக்கும் பதில் அது. உதாரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. இதே வங்கக் கரையில் தெற்கே இறங்கினால் கடலூர். 2004 டிசம்பர் 26 அன்று பழவேற்காட்டைத் தாக்கிய அதே அலை கடலூரையும் தாக்கியது. அந்த ஊரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசனும், அரசு விடுதியில் தங்கிப் படித்த சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடினார்கள். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, பல ஆண்டுகள் அசைக்க முடியாமலிருந்த மணிப்பூரை இறுதிப் போட்டியில் 2-1 என்று வென்று, முதல்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. அடுத்த ஆண்டே மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இந்தக் கதைகளை 'பலன்' என்ற தராசில் வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் ஊரடங்கு வந்தபோது, இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை முகக்கவசத்தோடு சென்னைத் தெருவில் காவல் பணி பார்த்துக்கொண்டிருந்தார். அது மதிப்புக்குரிய பணி. ஆனால் அவருக்கு மாதச் சம்பளத்தை உறுதிசெய்தது காக்கிச் சட்டை. கால்பந்தை நம்பி ஒரு பெண் வாழ முடியுமா என்ற கேள்விக்கு அன்றைய நாட்டின் பதில் வேறு. இந்திய மகளிர் லீக்கின் முதல் பருவத்தின் இறுதிச் சுற்று 2017 ஜனவரி 28இல் தொடங்கி பிப்ரவரி 14இல் முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கும் குறைவு. ஆண்டில் மிச்ச நாளெல்லாம் 'சும்மா' இருக்க வேண்டிய ஒன்றைத் தொழில் என்று எப்படிச் சொல்வது? சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறையே 2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில்தான் வந்தது.

இது நம் நாட்டின் ஏழ்மை மட்டும் அல்ல. ஜப்பானைப் பாருங்கள். 2011 மார்ச் 11 அன்று அங்கேயும் ஆழிப்பேரலை வந்தது. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. நான்கு மாதம் கழித்து ஜூலை 17 அன்று ஜப்பான் பெண்கள் அணி அமெரிக்காவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் இருந்த அயா சமேஷிமாவும் கரினா மருயாமாவும் முன்பு ஃபுகுஷிமா நிலையத்தை நடத்திய மின்சார நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதன் கால்பந்து அணியில் ஆடியவர்கள். காலிறுதியில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோலை, கூடுதல் நேரத்தில் 108ஆவது நிமிடத்தில் அடித்தவர் மருயாமா. அந்தத் தலைமுறையில் பலர் பகலில் அலுவலகத்திலும் கடையிலும் நின்றுவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போனவர்கள். உலகக் கோப்பையை வென்ற அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்கு ஒரே விமானத்தில் போனபோது, ஆண்கள் அணிக்குக் கிடைத்த உயர் வகுப்பு இருக்கை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. முழுநேரத் தொழிலாக ஆடும் பெண்கள் லீக் ஜப்பானில் 2021இல்தான் தொடங்கியது. உலகத்தையே வென்று காட்டிய பிறகும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, 'பலன்' என்ற வாதத்தில் முதல் ஓட்டை இது: பலன் காட்டிய பெண்களுக்கே தொழில் எளிதில் கிடைக்கவில்லை. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. இந்துமதியையும் சந்தியாவையும் காட்டி ஒரு பெண் பிள்ளைக்கு மைதானம் கேட்கும்போது, அவர்களைப் போல வரப்போகிறவளுக்கு மட்டுமே மைதானம் என்று நாமே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சுமாராக ஆடுகிறவள் என்ன செய்வது? பந்து காலில் பட்டு எங்கோ போவதைப் பார்த்துச் சிரிக்க மட்டுமே ஆசைப்படுகிறவள்? சுமாராக ஆடும் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. திறமையைக் காரணம் காட்டி வாங்கிய உரிமை, திறமை தீர்ந்ததும் பறிபோகும். முழங்காலில் அடிபட்ட அன்றே அது முடிந்துவிடும்.

வேறு என்ன அடிப்படை இருக்கிறது? எனக்கு விடை பழவேற்காட்டிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

இந்த ஏரியில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்கள் குறைவு. வலை போட வேண்டியவர்கள் அதிகம். அதனால் எந்த நாளில் எந்த ஊரார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் இது தலைமுறைகளாக நடந்துவருகிறது. இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று. முறை வருவதற்கு ஒருவர் கெட்டிக்கார மீனவராக இருக்க வேண்டியதில்லை. "நீ எவ்வளவு இறால் பிடிப்பாய், சொல், அப்புறம் இடம் தருகிறோம்" என்று யாரும் கேட்பதில்லை. நீர் பொது. அதனால் அதில் உனக்கும் ஒரு நாள். அன்று வலை நிறைந்தால் உன் அதிர்ஷ்டம், வெறுமையாக வந்தால் அதுவும் உன்னுடையது. முறை என்பது பரிசு அல்ல, பங்கு.

இதை நான் புகழ்ந்து முடித்துவிட முடியாது. பாட்டின் பட்டியலில் இருப்பது தலைக்கட்டாக எண்ணப்படும் ஆண்களின் பெயர்கள். பெண்ணின் பெயர் அதில் கிடையாது. சாதியாலும் ஊராலும் வெளியே நிற்கிறவர்களுக்கும், கையால் இறால் துழாவும் இருளர் பெண்களுக்கும் அதில் இடம் கிடையாது. நியாயம் என்றால் என்ன என்பதை இந்தச் சமூகம் நன்றாகவே அறிந்திருக்கிறது. யாருக்கு அது பொருந்தும் என்ற பட்டியல்தான் பாதியில் நிற்கிறது. பெண்களுக்காக நாம் கேட்க வேண்டியதும் இதுதான். புதிய தர்மம் ஒன்றையும் இறக்குமதி செய்ய வேண்டாம். இருக்கிற தர்மத்தின் பட்டியலில் பெயர்களைச் சேர்த்தால் போதும். ஊரின் மணலும் சாயங்கால வெளிச்சமும் ஏரி நீரைப் போலப் பொது. அதில் பெண் பிள்ளைக்கும் ஒரு முறை உண்டு. அவள் கோல் அடிப்பாளா என்பது அந்த முறைக்குத் தேவையில்லாத கேள்வி.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைச் சொல்வது ஆண்கள் மட்டுமல்ல, அம்மாக்களும்தான். "அவ விளையாடப் போயிட்டா தண்ணி யாரு புடிக்கிறது? சின்னதை யாரு பாத்துக்கிறது?" இதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்க மீன் விற்றுவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு, மகளின் இரண்டு கைகள்தான் கிடைக்கிற ஒரே ஓய்வு. மகளின் விளையாட்டை அம்மாவின் முதுகில் ஏற்றுவது நியாயமாகாது. ஆனால் மகன் மணலில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், அதே அம்மாவும் அதே மகளும்தான். நேரத்தையும் ஒரு ஏரியாக நினைத்துக்கொள்ளலாம். அதில் சிலர் தினமும் வலை போடுகிறார்கள், சிலருக்கு ஒரு நாளும் முறை வருவதில்லை. இன்று தம்பி தண்ணீர் பிடிக்கட்டும், நாளை அவன் ஆடட்டும். பாடு தெரிந்த ஊருக்கு இந்தக் கணக்கு கஷ்டமானதல்ல.

அப்படியானால் தொழில்முறைக் கால்பந்து வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அங்கே போட்டி உண்டு, தேர்வு உண்டு, தோல்வியும் உண்டு. ஆனால் போட்டி நியாயமாக இருக்க, அதற்கு முன் எல்லோருக்கும் முறை வந்திருக்க வேண்டும். பிறகு ஆட்டத்தையே வேலையாக எடுத்துக்கொண்டவளுக்கு, முழு ஆண்டுக்கும் கூலியும் ஒப்பந்தமும் அடிபட்டால் சிகிச்சையும் இருக்க வேண்டும். விளையாட்டுக்கு முறை, வேலைக்குக் கூலி. இவை இரண்டும் இரண்டு வேறு நியாயங்கள். பெண்கள் விஷயத்தில் இவை இரண்டும் தலைகீழாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவள் வேலை செய்தால் அது சும்மா. அவள் சும்மா விளையாடினால், அதற்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும்.

அன்று மீன் வாங்கிய பிறகு அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன். "சின்ன வயசுல என்னம்மா விளையாடுவீங்க?" கூடையை மூடிக்கொண்டிருந்த கை நின்றது. "நல்லா ஓடுவேம்மா. பசங்களை முந்திக்கினு ஓடுவேன்" என்றார். அப்புறம், "வயசுக்கு வந்ததும் நின்னுபோச்சு" என்றார். அவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் தோன்றவில்லை. அவருக்கு வர வேண்டிய முறை வராமலே போனது என்பதற்கு, அந்த வேகத்தை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை.