சாரதியின் கையில் சங்கு மட்டும்

வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது மயிலாப்பூர் மாட வீதிகளில் பரமபதப் படம் விற்பனைக்கு வந்துவிடும். இரவெல்லாம் கண்விழிக்க வேண்டுமே, அதற்காக. உபவாச வயிறோடு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கட்டையை உருட்டுவார்கள். ஏணி வந்தால் ஏற்றம், பாம்பு கடித்தால் இறக்கம். உச்சிக்கு அருகே படுத்திருக்கும் பெரிய பாம்பு, வைகுண்ட வாசலை எட்டிப் பார்த்தவரைக்கூடக் கீழே அனுப்பிவிடும்.

இந்த ஆட்டத்தில் ஆடுபவருக்கு என்ன வேலை? யோசித்தால் ஒன்றுமே இல்லை. ஒரே காய், ஒரே பாதை. விழுந்த எண்ணை எண்ணி நகர்த்தினால் முடிந்தது.

தாயக்கட்டம் அப்படியில்லை. அங்கும் இரண்டு பித்தளைக் கட்டைகள்தான். ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். கணக்குப் போட்டால் எட்டுக்கு ஒரு வாய்ப்பு. அது விழும்வரை காய் இறங்காது. இறங்கிய பிறகோ, விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, எதிராளியை வெட்டுவதா, மலையில் ஏறிப் பத்திரமாக இருப்பதா என்பதெல்லாம் நம் யோசனை. விதியும் மதியும் எங்கே பிரிகின்றன என்பதைப் பாட்டிமார் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டே காட்டிவிட்டார்கள்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இன்னும் ஒரு படி போனது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று வேடம் ஏற்று, அடுத்து என்ன செய்கிறோம் என்பதைத் தாங்களே சொல்வார்கள். பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். அந்த ஆட்டக்காரர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: நடத்துபவர் எழுதிவைத்த கதைப்படி எல்லோரையும் கொண்டுபோகலாமா, ஆடுபவர் போகும் வழியில் கதையை விட வேண்டுமா? எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறைதான் வரும் என்று தெரிந்த நிமிஷத்தில் ஆடுபவருக்கு ஆட்டம் செத்துவிடுகிறது.

இந்த வழக்கு நமக்குப் பழையது. கீதையின் 11ஆம் அத்தியாயத்தில் விசுவரூபம் காட்டும் கண்ணன், எதிரே நிற்பவர்கள் தன்னால் முன்பே கொல்லப்பட்டுவிட்டார்கள், நீ கருவியாக மட்டும் இரு என்கிறான். கதை முடிந்தேவிட்டது. தேரைக் கிளப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கிளப்பவில்லை. இன்னும் ஏழு அத்தியாயங்கள் பேசுகிறான். 18ஆம் அத்தியாயத்தின் 63ஆம் சுலோகத்தில், சொன்னதையெல்லாம் மிச்சமில்லாமல் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று விட்டுவிடுகிறான். என்னைச் சரணடை என்னும் சரம சுலோகம் அதற்குப் பிறகுதான், 66ஆவதாக வருகிறது.

அந்தச் சரணாகதியில் நம் பங்கு எவ்வளவு? குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறதா, தாய் குட்டியைக் கவ்விச் செல்கிறதா? குரங்கையும் பூனையையும் காட்டி வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள். அந்த நுணுக்கத்துக்குள் நுழையும் தகுதி எனக்கில்லை. எனக்கு 63 போதும். முடிவை அறிந்தவன் அந்த அறிவைக் கொண்டு யாரையும் நெட்டித் தள்ளவில்லை.

மயிலாப்பூருக்கு வடக்கே சிறிது தூரத்தில் திருவல்லிக்கேணி. அங்கே மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு நிற்கிறார். கையில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்கு அப்படி. உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் தழும்புகள் இருக்கின்றன. பீஷ்மரின் அம்புகள் பட்டவை என்பது ஐதிகம். எல்லாம் தெரிந்தவர் ஏன் அம்பு வாங்க வேண்டும்? ஆட்டத்தை நடத்துபவரே ஆட்டத்துக்குள் இறங்கினால் மற்றவர் எய்வது அவர்மேலும் படத்தான் செய்யும். எய்யும் சுதந்திரத்தை அவர் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. அதற்கு அந்தத் தழும்பைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிள்ளைகளுக்கு 66ஆம் சுலோகத்தை மனப்பாடம் செய்விக்கும் பெற்றோர்களே, 63ஐயும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.