வலிக்காத நோயும் நித்திய அநுஷ்டானமும்

ஆன்மிகக் கேள்வி பதில்

இம்முறை நமக்கு வந்த கடிதங்களில், கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் எழுதிய அன்பர்கள் சிலர், ஒருவர் கேட்டதை மற்றவர் அறியாமலேயே ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இரத்தக் கொதிப்பு என்று வழக்கில் சொல்லப்படும் உயர் இரத்த அழுத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டு விரதம், யாத்திரை, ஜபம் ஆகியவற்றை எவ்விதம் நடத்துவது என்பதே அது. ஆதலால் இந்தப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மட்டாஞ்சேரி அரண்மனை வளாகத்துப் பழயன்னூர் பகவதியைத் தினமும் தரிசிப்பவள் நான். வயது 58. ஆறு மாதத்துக்கு முன் டாக்டர் பிரஷர் இருக்கிறது என்று சொல்லித் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். எனக்குத் தலைவலியோ மயக்கமோ கிடையாது. நாராயணீயம் பாராயணம் செய்துவருகிறேன். பட்டத்திரியின் வாதத்தைப் போக்கிய குருவாயூரப்பன் இதையும் போக்கமாட்டானா? மாத்திரையை நிறுத்தினால் அது நம்பிக்கையா, பிழையா?
— ஒரு வாசகி, மட்டாஞ்சேரி

பதில்: அம்மா, மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி 16-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குருவாயூர்ச் சந்நிதியில் அமர்ந்து, நூறு நாட்களில் நூறு தசகங்களாக 1036 சுலோகங்களைச் சமர்ப்பித்தார் என்பதும், அவரைப் பீடித்த வாத ரோகம் அதன் முடிவில் நீங்கிற்று என்பதும் கேரள தேசத்தார் நெஞ்சில் ஊன்றிய சரித்திரம். அதில் உங்களுக்குள்ள விசுவாசத்தை நான் அசைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாதம் வலிக்கும் நோய். வந்ததை வலியே சொல்லிற்று. போனதையும் அவருடைய கைகால்களே அவருக்கு அறிவித்தன. உங்களுக்கு வந்திருப்பதோ வந்ததையும் சொல்லாது, வளர்வதையும் சொல்லாது. இரத்த நாளங்களின் சுவர் மெல்ல மெல்லக் கடினப்பட்டும், ஓயாமல் எதிர்த்துத் தள்ளிய காரணத்தால் இருதயத்தின் தசை தடித்தும், சிறுநீரகமும் கண்ணின் விழித்திரையும் மூளையும் பழுதுபட்டும் போகிற வரையில் அது வாய் திறப்பதில்லை. ஆகவே, உபத்திரவம் இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குப் பிரமாணமாகாது. 140-க்கு 90 என்ற அளவை எட்டியோ கடந்தோ பல நாள் நிற்கிறதா என்று கருவி காட்டுவதே இங்கே பிரமாணம்.

நமது சாஸ்திரங்கள் கர்மாக்களைப் பிரிக்கும்போது, ஒரு பலனை விரும்பிச் செய்வதைக் காம்யம் என்றும், தினந்தோறும் செய்தே தீரவேண்டியதை நித்தியம் என்றும் வகுத்தன. சந்தியாவந்தனம் போன்ற நித்திய கர்மாவைச் செய்ததனால் தனியாக ஒரு பலன் கண்ணுக்குத் தோன்றாது. செய்யாமல் விட்டாலோ பிரத்தியவாயம் என்னும் தோஷம் சேரும் என்பது மீமாம்ஸை வழியில் வந்த பெரியோர்களின் கொள்கை. தலைவலி மாத்திரை காம்யத்தைச் சேர்ந்தது; வலி போனதும் அதன் வேலை முடிந்தது. பிரஷர் மாத்திரை நித்தியத்தைச் சேர்ந்தது. சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது. விட்ட அன்றும் ஒன்றும் தெரியாது. விட்டுவிட்டு வாழ்ந்த வருஷங்களின் தோஷம் ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். பலன் தெரியாத காரியத்தைச் சிரத்தையோடு தினமும் செய்ய வல்லவர் யார் என்று கேட்டால், நித்திய பாராயணம் செய்யும் உங்களைப் போன்றவர்கள்தாம் என்பேன். அந்தச் சக்தி உங்களிடம் முன்னமேயே இருக்கிறது.

ஆதலால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தசகம் படித்து முடித்தவுடன் மாத்திரை என்று இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்துவிட்டால் மறதிக்கு இடமிராது. மருந்தின் அளவு குறையவேண்டிய காலம் வந்தால், அதை டாக்டரின் கருவி காட்டும், அவரே குறைப்பார். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வறட்டிருமல் வரும். அப்படி ஏதேனும் நேர்ந்தால் நீங்களாக விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. பட்டத்திரி தம் காவியத்தின் முடிவில் ஆயுளையும் ஆரோக்கியத்தையும் பகவானிடம் கூச்சமின்றி வேண்டினார். வேண்டியதைக் காப்பாற்றிக்கொள்வதும் பக்தியே.

கேள்வி: ஏகாதசியன்று மாத்திரை சாப்பிட்டால் விரதம் பங்கமாகுமா? அன்று சாதாரண உப்பை விலக்கி இந்துப்புத்தான் சேர்க்கிறேன். அது பிரஷருக்கு நல்லது என்கிறார்களே?
— ஒரு வாசகர், சேர்லாய், மட்டாஞ்சேரி

பதில்: பங்கமாகாது. மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில், உறக்கமின்றித் தவித்த திருதராஷ்டிரனுக்கு விதுரர் உரைத்த நீதிகளிடையே, ஜலம், கிழங்கு, கனி, பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் வாக்கு, ஔஷதம் ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. ஔஷதத்தை ஜலத்தோடு உட்கொள்ள முன்னோர்கள் அனுமதித்திருக்க, அவர்களைவிடக் கடுமையான நியமத்தை நாம் கற்பித்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை. சிறுநீரை அதிகமாகப் பிரியச்செய்யும் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் ஜலமும் அருந்தாத உபவாசத்தைத் தாமாக மேற்கொள்ளலாகாது. நீரிழிவும் கூட இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கலாகாது.

இந்துப்பைப் பற்றிய எண்ணம் பலரிடமும் இருக்கிறது. விரதத்துக்கு அது உகந்தது என்ற சம்பிரதாயம் இருக்கட்டும். ஆனால் பூமியில் வெட்டியெடுத்த அவ்வுப்பும் கடலில் விளைந்த உப்பைப் போலப் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. ஆகையால் பிரஷர் விஷயத்தில் அதற்கு விசேஷச் சலுகை கிடையாது. எந்த உப்பானாலும், சமைத்ததிலும் தொட்டுக்கொண்டதிலும் வாங்கித் தின்றதிலுமாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. பலகாரம் என்ற பெயரில் உப்புத் தூவிய மரவள்ளி வறுவலும் நேந்திரங்காய் வறுவலும் தட்டு நிறைய வருமானால், மற்ற நாட்களைவிட ஏகாதசியன்றே உப்பு அதிகமாகச் சேர்ந்துவிடும். பழமும் பாலும் எளிய கிழங்கும் போதும்.

கேள்வி: வேலியில் உள்ள தோபி கானாவில் துணி வெளுக்கிற தமிழ்க் குடும்பத்தான் நான். உழைக்கிறவனுக்குப் பிரஷர் வராது என்று இருந்தேன், வந்துவிட்டது. வெயிலில் உப்பெல்லாம் வேர்வையாய்ப் போகிறதே, பிறகு ஏன் உப்பைக் குறைக்கவேண்டும்? உப்புமாங்காயும் கருவாடும் இல்லாமல் கஞ்சி இறங்கவில்லை. எனக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் வீட்டிலேயே தள்ளிவைத்தது போலிருக்கிறது. உடம்பை இப்படி வருத்துவது தெய்வத்துக்குச் சம்மதமா?
— ஒரு வாசகர், ஃபோர்ட் கொச்சி

பதில்: ஐயா, டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்கவென்று வரவழைக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அதே தொழிலை நேர்மையோடு நடத்தி, 1976-இல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த துறைகளில் இன்றும் கையால் துவைத்து வெயிலில் உலர்த்தித் தரும் உங்கள் சமூகத்தாரின் உழைப்பு வணக்கத்துக்குரியது. உழைப்பு பிரஷரைத் தணிக்கும். ஆனால் வயது, குடும்பத்து வழி, உப்பு, புகையிலை, மது, உறக்கக் குறைவு ஆகிய பிற காரணங்களை அது முற்றிலும் வெல்வதில்லை.

வேர்வையில் உப்புப் போவது மெய்யே. ஆயினும் நம் நாட்டில் சாதாரணமாக ஒருவர் உண்ணும் உப்பே தேவைக்கு மிஞ்சியதாக இருப்பதால், அதற்கென்று கூடுதலாகச் சேர்க்கவேண்டியதில்லை. நாள் முழுதும் வெயிலில் நிற்பவர் என்பதை மட்டும் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது அவருக்கு உதவும். தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள். குனிந்து நிமிரும்போது கண் இருண்டால் உடனே நிழலில் உட்காருங்கள்.

உடம்பை வருத்துவது பற்றிக் கேட்டீர்கள். பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில், சரீரத்தையும் அதனுள்ளே உறையும் தன்னையும் வதைக்கிற தவத்தை ஆசுரம் என்று பகவான் கண்டிக்கிறான். அதே அத்தியாயத்தில், மிகுந்த கசப்பும் புளிப்பும் உவர்ப்பும் காரமும் உள்ள ஆகாரம் துக்கத்தையும் ரோகத்தையும் தருவது என்றும் எச்சரிக்கிறான். ஆக, உடம்பை வதைப்பது எது என்று ஆராய்ந்தால், உப்பைக் குறைப்பதைவிட மிகுத்துக்கொள்வதே அந்தப் பெயருக்குப் பொருந்தும்.

தனிச் சமையல் வேண்டாம் என்பதே என் கருத்தும். வீடு முழுவதும் ஒரே பானையில், உப்பைக் குறைத்துச் சமைக்கட்டும். பிள்ளைகளுக்கும் அது க்ஷேமமே. முதலில் பப்படத்தையும் ஊறுகாயையும் கருவாட்டையும் பேக்கரி மிக்ஸரையும் தினசரி வழக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பண்டிகை நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, இஞ்சி, காந்தாரி மிளகாய், உங்கள் மட்டாஞ்சேரிச் சந்தையின் நல்ல மிளகு ஆகியவற்றால் கஞ்சிக்கு ருசி கூட்டலாம். சில வாரங்கள் பொறுத்தால் நாக்கு தானே பழகிக்கொள்ளும். ஒருவருடைய நோய்க்காக வீட்டார் அனைவரும் தங்கள் ருசியில் சிறிது விட்டுக்கொடுத்து ஒரே பந்தியில் உட்காருவது, கிருகஸ்த தர்மத்தில் உயர்ந்த அநுஷ்டானம் என்பதை உங்கள் வீட்டாருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மாலையிட்டு 41 நாள் விரதம் இருக்கும்போது இங்கிலீஷ் மருந்தை நிறுத்தவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். பிரஷர் உள்ளவன் சபரிமலை ஏறலாமா?
— ஒரு ஐயப்ப பக்தர், மட்டாஞ்சேரி

பதில்: சாமி, விரதம் விலக்கச் சொன்னவை மதுவும் மாமிசமும் போகமும் கோபமும், மருந்து அந்த வரிசையில் இல்லை. பம்பையிலிருந்து சந்நிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர். அதிலும் நீலிமலையும் அப்பாச்சிமேடும் நெஞ்சைச் சோதிக்கும் ஏற்றங்கள். அவ்விடங்களில் மருத்துவ மையங்களும் பிராணவாயு நிலையங்களும் அமைத்திருப்பதே அதற்குச் சாட்சி. மாலையிடுமுன் டாக்டரைப் பார்த்து, அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விரத நாட்களில் தினமும் சிறிது தூரம் நடந்து உடம்பைப் பழக்குங்கள். மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் இருமுடியோடு கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, ஏற்றம் குறைந்த சுவாமி ஐயப்பன் சாலை வழியாக, நின்று நின்று ஏறுங்கள். நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ அங்கேயே நின்று உதவி கேளுங்கள். டாக்டர் இவ்வருஷம் வேண்டாம் என்றால் அதைக் குருவின் வாக்காக ஏற்று, ஊர்க் கோயிலில் நெய்யபிஷேகம் செய்துவையுங்கள்.

கேள்வி: ஜபமும் பிராணாயாமமும் பிரஷரைக் குறைக்குமா? டாக்டர் வீட்டில் பார்த்தால் ஒரு கணக்கும் ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஒரு கணக்கும் வருகிறதே?
— ஒரு வாசகி, அமராவதி, மட்டாஞ்சேரி

பதில்: 2001-இல் இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேரை, கத்தோலிக்கர்களின் ஜபமாலைப் பிரார்த்தனையை லத்தீனிலும், பௌத்தர்களின் மணி மந்திரத்தையும் சொல்லச் செய்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு முறையாக நிதானப்பட்டது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் நரம்பின் திறனும் கூடிற்று. கோயிலும் தேவாலயமும் மசூதியும் ஜைனாலயமும் யூதப்பள்ளியும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் உங்கள் ஊரில், மாலையை உருட்டும் எந்த விரலுக்கும் இது பொருந்தும் என்பது எனக்கு ஆனந்தம் தருகிறது. எனினும் இது மருந்துக்குத் துணை. மருந்தின் ஸ்தானத்தில் வைப்பதற்கில்லை. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுவது நல்லது. மூச்சை வலிந்து அடக்கும் கும்பகம், வேகமான கபாலபாதி, சிரசாசனம் ஆகியவற்றை அழுத்தம் கட்டுப்படாதவர்கள் தவிர்க்கவேண்டும்.

அளவு வேறுபடுவதற்கு அளக்கும் முறையும் ஒரு காரணம். கடைத்தெருவிலிருந்து படியேறி வந்த மூச்சோடு அளந்தால் கணக்கு ஏறித்தான் காட்டும். அரைமணி நேரத்துக்குமுன் காப்பியையும் புகையிலையையும் விலக்கி, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, கையை இருதய மட்டத்தில் வைத்து, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு அளக்கவேண்டும். ஜபத்தின்போது இருக்கும் அதே மன அமைதியோடு உட்காருங்கள். ஒரு நாள் கணக்கைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். பல நாள் கணக்கைக் குறித்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் தாயாரும் பக்கவாதத்தில் போனார், எனக்கும் பிரஷர். இது பூர்வ ஜன்ம வினைதானே? அப்படியானால் மருந்து எதற்கு? என் பிள்ளைகளையும் இது தொடருமா?
— ஒரு வாசகி, கருவேலிப்படி

பதில்: தாயே, நோயோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்காதீர்கள். வினையை நம்பிய நம் முன்னோர்களே சிகிச்சையை மூன்றாக வகுத்தார்கள். மந்திரம், ஹோமம், பிரார்த்தனை ஆகியவை தெய்வத்தைச் சார்ந்தவை. ஆகாரமும் மருந்தும் யுக்தியைச் சார்ந்தவை. தீயவற்றினின்று மனத்தை மீட்பது மூன்றாவது என்று சரக சம்ஹிதை சொல்கிறது. மூன்றில் ஒன்றைச் செய்தால் மற்றவை வேண்டாம் என்று அது சொல்லவில்லை. மருந்து அயலானது என்று தயங்குவோருக்கும் ஒன்று சொல்வேன். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது என்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இருதய இதழில் எழுதிய பிறகே மேல்நாட்டார் அதைப் பெரிதும் கைக்கொண்டார்கள். அந்த வேரை இன்று நாமாக வாங்கி உண்பது ஆபத்து. மனச்சோர்வு முதலிய கேடுகளை அது விளைக்கக்கூடும்.

பிள்ளைகளைத் தொடர்வது நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பு மட்டுமே. அந்த இயல்பு நோயாக முற்றுவதைத் தடுக்க அவர்களால் பெரும்பாலும் முடியும். உலகில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களில் 46 சதவிகிதத்தினர் அதை அறியாமலேயே இருப்பதாகவும் 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த அறியாதோர் கூட்டத்தில் உங்கள் மக்கள் இருக்கவேண்டாம். 30 வயது கடந்தவர்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இலவசமாகவே அளந்துபார்க்கிறார்கள். உங்கள் ஊரிலேயே தாலுகா ஆஸ்பத்திரியும் இருக்கிறது. குடும்பத்தில் இந்நோய் இருப்பதால் அந்த வயது வரை காத்திராமல், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரையும் இந்த வாரமே அழைத்துப்போங்கள். உங்கள் மாத்திரையையும் தவறாது வாங்கி வாருங்கள். தாயாருக்கு நீங்கள் செய்யும் சிராத்தத்தோடு இதையும் சேர்த்துச் செய்தால், அவர் பட்ட துன்பம் அவருடைய பேரப்பிள்ளைகளைக் காக்கும் அறிவாக மாறும்.