கையெழுத்துக்குப் பின் வந்த குழந்தை

1988 மே மாதம் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி இரண்டு இரவுகளாக ஒளிபரப்பிய நாடகம் ‘பேபி எம்’. வாடகைத் தாய் மேரி பெத் வொயிட்ஹெட்டாக ஜோபெத் வில்லியம்ஸ் நடித்தார். அவர் பெற்ற குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. நிஜக் குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. இவ்வளவு சீக்கிரம் அவள் கதையை ஊருக்குக் காட்டியிருக்க வேண்டாம் என்றே தோன்றுகிறது.

*

குழந்தையைப் பெற்றுத் தந்தையிடம் கொடுத்துவிடப் பத்தாயிரம் டாலருக்கு ஒப்பந்தம். கருமுட்டையும் மேரி பெத்துடையதே. ஆகவே அவர் சுமந்தவர் மட்டுமல்ல, பெற்ற தாய். பிறந்தபின் குழந்தையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதுதான் வழக்கானது.

தந்தை வில்லியம் ஸ்டெர்னையும் நினைத்துப் பார்க்கிறேன். நாஜிகளிடம் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவரே. கர்ப்பம் மனைவியின் நரம்பு நோயை முற்றவைக்கும் என்ற பயம் வேறு. அந்த ஏக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

மனதை விட்டுப் போகாதது 1987 விசாரணையில் ஒரு மனநல மருத்துவர் சொன்ன சாட்சியம். குழந்தை கைதட்டியபோது மேரி பெத் ‘ஹுர்ரே’ என்றார். அந்த விளையாட்டின் பெயரான ‘பேட்டி கேக்’ என்பதையே சொல்லியிருக்க வேண்டும் என்பது மருத்துவரின் கருத்து. விளையாடப் பாண்டா பொம்மைகள் கொடுத்ததும் அவருக்குக் குறையாகப் பட்டது. சட்டி, கரண்டி கொடுத்திருக்கலாம் என்றார்.

அப்படிப் பார்த்தால் நாங்கள் எல்லோருமே தகுதியில்லாத தாய்மார்கள்தான் என்று மெரில் ஸ்ட்ரீப் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிள்ளை கைதட்டும்போது சந்தோஷம்தானே முதலில் வாயில் வரும்? அதையா ஒரு தாய்க்கு எதிராக எழுதிவைப்பது?

*

தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் ஒப்பந்தம் செல்லாது என்றார். பிள்ளையோடு தனக்குள்ள பந்தம் எவ்வளவு என்று தெரியும் முன்பே தாய் வாக்குக் கொடுத்துவிடுகிறாள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அது போதும். மேரி பெத் ஏற்கெனவே இரண்டு பிள்ளை பெற்றவர்தான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று இந்தக் குழந்தை அவர் வயிற்றில்கூட இல்லை.

*

ஆனாலும் குழந்தை தந்தையிடமே இருந்தாள். தாய்க்கு வந்து பார்க்கும் உரிமை கிடைத்தது. விசாரணைக்கு முன்பே, தாயோடு ஃப்ளோரிடாவில் இருந்த அவளை நான்கு மாதக் குழந்தையாகப் போலீஸ் கைப்பற்றி ஸ்டெர்ன் வீட்டில் சேர்த்திருந்தது. தீர்ப்பு வருவதற்குள் அதுவே அவளுக்குப் பழகிய வீடாகிவிட்டது. பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கக் கூடாது என்பது சரி. செல்லாத அந்தத் தாளை முதல் வாரத்திலேயே ஒரு நீதிபதி ஒதுக்கிவைத்திருந்தால், அவளுக்குப் பழகிய வீடு எதுவாக இருந்திருக்கும்?