பின்னால் ஒன்றும் வராத பாதை

வண்டிகள் விரையும் சாலையில் சைக்கிள் மிதிப்பவரின் கண் முன்னால் இருந்தாலும் காது முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். வருவது லாரியா, பஸ்ஸா, எவ்வளவு தூரத்தில் வருகிறது, ஒதுங்கிப் போகுமா என்ற கணக்கு உள்ளே ஓயாமல் ஓடும். அவர் விழிப்பாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த விழிப்பு முழுவதும் தன் உயிரையே சுற்றி வருகிறது. ஓரத்தில் பூத்த செடி, காற்று திரும்பிய திசை, பக்கத்து வயலில் குனிந்திருக்கும் ஆள், எதுவும் அதற்குள் நுழைவதில்லை. வண்டிகள் வராத சரளைப் பாதையிலும் விழிப்பு வேண்டும். சொல்லப்போனால் கூடுதலாகவே வேண்டும். உருளும் கல், சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் மணல், மழைநீர் அறுத்த பள்ளம் என்று பத்தடிக்கு ஒருமுறை தரை குணம் மாறும். இருந்தும் இரண்டும் ஒரே விழிப்பல்ல. முன்னது அச்சத்தில் பிறந்து தன்னிடமே திரும்பி வருகிறது. பின்னது தரையை நோக்கிப் போகிறது, போன இடத்தில் தங்குகிறது. சமயங்கள் செபம் என்றும் தியானம் என்றும் சொல்லிவந்ததற்கு வாசற்படி இந்த இரண்டாவது விழிப்புதான் என்று நான் கருதுகிறேன். முதுகுப் பக்கத்து அச்சம் நீங்காமல் அந்தப் படியில் கால்வைப்பது மிகக் கடினம் என்றும் கருதுகிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க, ஸ்பெயினின் வடக்கே நவார்ரா மாநிலத்தின் தென்பகுதி நல்ல இடம். எப்ரோ ஆற்றங்கரை ஊரான தூதேலாவிலிருந்து தாரசோனாவுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1972இல் அது நின்றுபோயிற்று. தண்டவாளம் கிடந்த தடம் இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான 22 கிலோமீட்டர் பசுமைவழி. கைவிட்ட ரயில் தடங்களை இப்படி மீட்கும் திட்டத்தை ஸ்பெயின் 1993இல் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் இத்தகைய வழிகள் உண்டு. ரயிலுக்காகச் சமன்செய்த தடம் என்பதால் ஏற்றம் மூச்சு வாங்க வைப்பதில்லை. காய்கறித் தோட்டம், ஆலிவ், திராட்சை என்று நிலம் மாறிக்கொண்டே வரும். எதிரே 2,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மொன்காயோ மலை நிற்கும். இங்கே கவனிப்பது எளிது. கண்ணைப் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் பார்தெனாஸ் ரெயாலெஸ். ஏறத்தாழ 42,000 ஹெக்டேர் அரைப்பாலை. தெற்கே பைன் மரங்கள் அடர்ந்த கறுப்புப் பார்தெனா, வடக்கே தானியம் விளையும் மேட்டுச் சமவெளி, நடுவே களிமண்ணும் ஜிப்சமும் வெளிறிக் கிடக்கும் வெள்ளைப் பார்தெனா. மழையும் காற்றும் மண்ணை அரித்துக்கொண்டே இருக்க, தலையில் மணற்கல்லைச் சுமந்த இடங்கள் மட்டும் தூண்களாக நிற்கின்றன. அவற்றுள் பேர்பெற்றது காஸ்தில்தெதியேரா. வெள்ளைப் பார்தெனாவைச் சுற்றும் முக்கியப் பாதையில் கார்களும் வரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதை விட்டு விலகிய, அனுமதி உள்ள மண்பாதைகளில்தான் நான் சொல்லும் அமைதி இருக்கிறது.

அந்த அமைதி முதலில் இனிப்பதில்லை. தோட்டங்களுக்கு நடுவே கண்ணுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கூலி இங்கே நின்றுவிடுகிறது. எப்ரோ பள்ளத்தாக்கில் அடிக்கும் சியெர்ஸோ என்னும் வறண்ட வடமேற்குக் காற்று முகத்தில் மோதினால், ஒரு மணி நேரம் மிதித்தும் அடிவானத்து மேடு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலையில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இந்த நிலையை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார். உச்சிவேளையில் துறவியைப் பீடிக்கும் சலிப்பை அவர் நண்பகல் பேய் என்று அழைத்தார். சூரியன் நகரவில்லை என்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீள்கிறது என்றும், வேறெங்காவது போனால் நன்றாக இருக்கும் என்றும் அது ஓதுமாம். தமிழ் இலக்கணமும் நண்பகலையும் வேனிலையும்தான் பாலைக்கு உரிய பொழுதுகளாக வைத்தது, பிரிவை அதன் பொருளாக்கியது. தொடர்பே இல்லாத இரண்டு மரபுகள் வறண்ட நிலத்தின் நடுப்பகலில் மனிதருக்கு ஏதோ நேர்கிறது என்பதைக் கண்டுகொண்டிருக்கின்றன. நம் கவிஞர்கள் அதில் பிரிவின் வேதனையைக் கண்டார்கள், எகிப்தியத் துறவிகள் சோதனையைக் கண்டார்கள். எவாக்ரியுஸ் சொன்ன மருந்து, இருக்கும் இடத்தை விட்டு ஓடாமல் நிலைத்திருப்பது. சலிப்பைத் தாண்டி நிலைத்தவருக்கு ஆழ்ந்த அமைதி வாய்க்கும் என்கிறார். சரளைப் பாதையில் இது கண்கூடு. பார்க்க ஒன்றுமில்லை என்று மனம் முறையிட்டு ஓய்ந்த பிறகுதான், ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில் தைமும் ரோஸ்மேரியும் இருப்பதும், களிமண்ணில் பத்து நிறம் இருப்பதும், புல்வெளிக்குள்ளிருந்து ஒரு வானம்பாடி கூப்பிடுவதும் தெரியவரும்.

நிலைத்திருப்பதைப் போற்றிய துறவியை ஊர் சுற்றும் சைக்கிளுக்குச் சாட்சியாக அழைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. இதன் கூரிய வடிவம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்காலிடம் இருக்கிறது. ஓர் அறையில் சும்மா இருக்கத் தெரியாததுதான் மனிதத் துயரின் வேர் என்று பதினேழாம் நூற்றாண்டில் அவர் வாதிட்டார். வேட்டை, சூதாட்டம், போர் எல்லாமே நம்மை நாமே மறப்பதற்கான பராக்கு என்றார். சைக்கிள் பயணமும் அந்தப் பட்டியலில் சேரக்கூடியதே. கிலோமீட்டரை எண்ணி, வேகத்தைப் பதிந்து, அடுத்த ஊரின் பேரைச் சேகரித்துக்கொண்டு போகிறவர் விஷயத்தில் பாஸ்கால் சொல்வதே சரி. ஆனால் பராக்கின் அடையாளம் உடல் அசைவது அல்ல. கண்முன் இருப்பதிலிருந்து மனம் நழுவுவதுதான் அதன் அடையாளம். அறைக்குள் அசையாமல் உட்கார்ந்தே நாள் முழுவதும் நழுவிக்கொண்டிருக்க முடியும் என்பதை நம் காலம் நன்றாகவே நிரூபித்திருக்கிறது. பாலையின் வடக்கு விளிம்பில், கார்காஸ்தில்யோ ஊரருகே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த லா ஒலிவா மடம் இருக்கிறது. அங்குள்ள சிஸ்தேர்சியத் துறவிகள் பின்பற்றும் பெனடிக்டின் விதிநூல், சோம்பலை ஆன்மாவின் பகையென்று சொல்லிக் கைவேலையை நாளின் ஒழுங்குக்குள் வைக்கிறது. உழைக்கும் உடல் செபத்துக்குத் தடையல்ல என்பது அந்த மரபின் பழைய அனுபவம்.

இன்னொரு தடை இதைவிடக் கடினமானது. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் 1942இல் எழுதிய ஒரு கட்டுரையில், கவனத்தையே செபத்தின் சாரமாகக் கண்டார். விடை வராத வடிவியல் கணக்கில் உண்மையாகச் செலவிட்ட கவனமும் வீண்போகாது என்றார். அப்படியானால் கல்லைக் கவனிக்கும் சைக்கிள்காரரும் செபிக்கிறாரா? குறிபார்க்கும் வேட்டைக்காரரும் அப்படித்தானா? இது வெறும் தர்க்க விளையாட்டு இல்லை. வெள்ளைப் பார்தெனாவின் நடுவிலேயே 1951 முதல் ஸ்பெயின் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்களம் இருக்கிறது. பயிற்சி நாட்களில் போர் விமானங்களின் இரைச்சல் அந்த அமைதியைப் பிளக்கும். ஒரு விமானியின் கவனம் எந்தத் துறவியின் கவனத்துக்கும் கூர்மையில் குறைந்ததல்ல. ஆகவே கூர்மையை மட்டும் புனிதம் என்று சொல்ல முடியாது. வெய்ல் சொன்ன கவனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பற்றிக்கொள்ள நினைப்பதில்லை. தன்னை வெறுமையாக்கிக் காத்திருக்கிறது, எதிரில் இருப்பதற்கு இடம் கொடுக்கிறது. குறிபார்க்கும் கண் எதிரில் உள்ளதைத் தன் நோக்கத்துக்குள் சுருக்குகிறது. ஆகவே சைக்கிள்காரரிடம் கேட்கவேண்டியது எவ்வளவு கூர்ந்து பார்த்தாய் என்பதல்ல, எதற்கு வழிவிட்டாய் என்பதே.

இந்தக் கேள்வியோடு பார்த்தால் நிலத்தின் வெறுமையும் வேறு விதமாகத் தெரிகிறது. ஆளில்லாத பாதை சும்மா கிடைத்ததல்ல. ரயில் நின்றபோது யாரோ ஒரு வசதியை இழந்தார்கள். ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்கள் காலியானதைப் பற்றி அந்நாட்டில் பெரும் விவாதமே நடந்துவருகிறது. ஒருவரின் இழப்பு இன்னொருவரின் தியானத்துக்கு மேடையாவதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் வேண்டும். விலையுயர்ந்த சைக்கிளும் விடுமுறையும் வாய்த்தவர்களுக்கு மட்டும் திறக்கும் வாசலை ஆன்மிகம் என்று அழைப்பதிலும் அதே கூச்சம் உண்டு. இதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல முடியும். பார்தெனாஸ் யாருமற்ற நிலம் அன்று. சுற்றுவட்டார ஊர்கள், பிரனீஸ் மலையின் ரொன்கால், சலசார் பள்ளத்தாக்குகள், லா ஒலிவா மடம் என 22 பங்காளிகள் பல நூற்றாண்டுகளாக அதில் கூட்டு அனுபோக உரிமை வைத்திருக்கிறார்கள். மலையில் குளிர் இறங்கும் முன் ரொன்கால் மேய்ப்பர்கள் ஆடுகளை ஓட்டிவந்த தடம்தான், இன்று சைக்கிள் போகும் வழிகளுள் ஒன்று. 1995இல் ஸ்பெயின் இயற்றிய கால்நடைத் தடங்கள் சட்டம் இத்தகைய வழிகளை விற்கவோ பறிக்கவோ முடியாத பொதுச்சொத்தாகக் காக்கிறது. நடையையும் மோட்டார் இல்லாத வண்டிகளையும் அவற்றில் அனுமதிக்கிறது, கால்நடைகளின் முன்னுரிமையை மதிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. வெய்ல் கேட்ட இடங்கொடுத்தலை ஒரு சட்டப்பிரிவு இவ்வளவு எளிமையாகச் சொல்லியிருப்பது என்னை வியக்கவைக்கிறது. சைக்கிள்காரர் அங்கே விருந்தாளி. அந்தப் பாதை அவருக்காகக் காலியாக இருக்கவில்லை, இன்னொருவர் வருகைக்காகத் திறந்து கிடக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 18 விடியற்காலையில், கார்காஸ்தில்யோ அருகே எல் பாஸோ என்ற இடத்தில் ஆடுகள் பார்தெனாஸுக்குள் நுழைகின்றன. ஆயிரக்கணக்கில் மணிச்சத்தத்தோடும் புழுதியோடும் வருகின்றன. அந்த நேரத்தில் தடத்தில் சைக்கிளோடு இருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான். இறங்கி, வண்டியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆடும் அதன் பின்னால் வரும் மேய்ப்பரும் நாயும் கடக்கும் வரை நிற்பது.