கணவனின் வருமானமும் மனைவியின் இன்பமும்

கட்டிலில் பெண்ணுக்குக் கிடைக்கும் இன்பத்துக்கும் அவளுடைய துணைவனின் பணத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று 2009-இல் எழுதினார்கள் தாமஸ் போலெட்டும் டேனியல் நெட்டிலும். இருவரும் அப்போது இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். உடல்நலம், குடும்ப வாழ்க்கை பற்றிச் சீனாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து 1,534 பெண்களின் பதில்களை எடுத்துக் கணக்கிட்டார்கள். துணைவனின் வருமானம் கூடக்கூட, உச்சம் அடைவதாகப் பெண்கள் சொன்ன அளவும் கூடியதாகத் தெரிந்தது. பெண்ணின் உச்சம், தகுதியான ஆணை அடையாளம் காணப் பெண்ணுடலில் பரிணாமம் வைத்த ஏற்பாடு என்ற கருத்துக்கு இந்த முடிவு வலுச் சேர்த்தது. செய்தித்தாள்களுக்கு நல்ல தீனி. பணக்காரன் பெண்ணை அதிகம் மகிழ்விக்கிறான் என்ற பொருளில் தலைப்புகள் வந்தன.

மறு ஆண்டே அந்த முடிவு சரிந்தது. எஸ்தர் ஹெர்பெரிக், டோர்ஸ்டன் ஹோதோர்ன் என்ற புள்ளியியலாளர்கள் அதே பதில்களை மீண்டும் கணக்கிட்டபோது, எந்தக் காரணிகளை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த கட்டத்திலேயே பிழை இருந்தது தெரிந்தது. திருத்திய கணக்கில் துணைவனின் வருமானத்துக்கு இடமில்லை. பெண்ணின் படிப்பு அதில் நிலைத்து நின்றது. 2010-இல் வெளியான அந்தத் திருத்தக் கட்டுரையில் போலெட், நெட்டில் பெயர்களும் இருந்தன. தம் முடிவைத் தாமே உடைக்கக் கை கொடுத்தது ஆய்வுலகில் அன்றாடம் காணக்கூடியதல்ல. அந்த வகையில் இருவர்மீதும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அறக் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்பதே தவறு என்பாரும் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. காமத்தில் பணம் கலப்பது உண்மையானால் அதை அறிந்திருப்பதே நல்லது. மூடிவைத்த கேள்வி வதந்தியாகத்தான் வெளியே வரும். ஆனால் சில முடிவுகள், உலகம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதற்குச் சான்றிதழ் கொடுப்பவை. மணமகன் தேவை விளம்பரங்களில் சம்பளம் முதல் வரியில் நிற்கும் சமூகத்தில், ‘பணமிருந்தால் இன்பமும் வரும்’ என்பதை யாரும் சோதித்துப் பார்க்கமாட்டார்கள், தலையாட்டுவார்கள். ஆகவே, கேட்பவர் எளிதில் நம்பக்கூடிய முடிவைக் கையில் வைத்திருப்பவருக்கே அதை இருமுறை சோதிக்கும் கடமை கூடுதல். நம்ப மறுக்கும் முடிவைச் சோதிக்க ஊரே திரண்டு வரும்.

சரி, அந்தக் கணக்கு பிழையற்றதாகவே இருந்திருந்தால்? அப்போதும் ஏழைக் கணவன்மீது எந்தப் பழியும் விழாது. செல்வந்தனுக்கு எந்த உரிமையும் சேராது. வருமானத்தோடு ஓய்வு வரும், தனியறை வரும், மருத்துவம் வரும், நாளைய கவலை குறையும். இவற்றில் எது இன்பத்தைக் கூட்டியது என்பதைக் கணவனின் சம்பளம் மட்டும் சொல்லிவிடாது. பலரின் சராசரியைக் கொண்டு ஒரு வீட்டின் படுக்கையறைக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

இன்னொன்று, இதுவே எனக்குக் கனமாகப் படுகிறது. ஒரு பெண் தன் வாழ்வின் மிக அந்தரங்கமான செய்தியை ஆய்வாளரிடம் சொல்கிறாள். அந்தச் சொல், ஆணின் தரத்தை அளக்கும் கோலாக மாறிவிடுகிறது. தத்துவ அறிஞர் எலிசபெத் லாய்டு 2005-இல் எழுதிய நூலில், பெண்ணின் உச்சத்துக்குச் சொல்லப்பட்ட இருபத்தொரு பரிணாம விளக்கங்களை எடுத்து ஆராய்ந்தார். அதற்குத் தனிப் பரிணாமப் பயன் கற்பித்தவை எதற்கும் போதிய சான்றில்லை என்றார். உடலுறவால் மட்டுமே பல பெண்களுக்கு உச்சம் தவறாமல் வருவதில்லை என்ற எளிய தரவையே பல விளக்கங்கள் கடந்து போயிருந்தன. பெண்ணின் அனுபவத்திலிருந்து தொடங்காமல், அது ஆணுக்கு எதற்குப் பயன்படும் என்பதிலிருந்து தொடங்கினால் இப்படித்தான் ஆகும்.

துணையைத் தேர்வது பற்றிய ஆய்விலும் இதே கதைதான். உளவியலாளர் டேவிட் பஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 37 பண்பாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, துணையின் பொருள்வளத்தை ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் மதித்தார்கள். இது பெண்ணின் இயல்பு என்று பொருள்கொண்டார்கள் பலர். ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் 1999-இல் அதே தரவைத் திரும்பப் பார்த்தபோது, பெண்களுக்குச் சமநிலை கூடிய நாடுகளில் அந்த இடைவெளி சிறுத்தது. சொந்தமாகச் சம்பாதிக்க வழியில்லாதவள் சம்பாதிப்பவனைத் தேடுவதில் மரபணுவை இழுக்கும் முன், அவளுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கலாம்.

சீன ஆய்விலும் அந்தப் பெண்களின் சொந்த வருமானம், உடல்நலம், மகிழ்ச்சி, படிப்பு எல்லாம் கேட்கப்பட்டிருந்தன. கணவனின் சம்பளத்துக்கு அருகிலேயே, அதே அட்டவணையில் அவை இருந்தன; செய்தித்தாள் தலைப்புக்குப் போனது கணவனின் சம்பளம்.